கண்ணாடிக்குள் ஒரு தனிக் கதிரை

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. முருங்கைத் தடி தேடித்தான் போனேன். எங்கள் வளவில் நின்ற முருங்கை போன மாரிக் காற்றுக்கு முறிந்து விழுந்துவிட்டது. மனைவி பிரியதர்சினி, "சுருவிலிலை சறோ அக்கா வீட்டிலை நல்ல இனம் நிக்குதாம், ஒரு தடி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவைத்தாள். போனேன். தடி வெட்டக் கத்தி எடுக்கப் போன அந்த அம்மா வாசலில் நின்று திரும்பி, "உள்ளுக்கு வாங்கோ, பிள்ளையின்ர படம் இருக்கு, பாத்திட்டுப் போங்கோ" என்றார்.

சாமி அறையில் பிள்ளையாருக்கும் நயினை அம்மனுக்கும் நடுவில் அந்தப் படம் தொங்கியது. கண்ணாடியால் அடைத்த ஒரு சின்னக் கூட்டுக்குள் ஓர் இளைஞன் ஒரு கதிரையில் தனியே உட்கார்ந்திருந்தான். தலையில் கவசம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைக்காரச் சனம் எழும்பி நின்று அவனைப் பார்த்து வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. படச் சட்டத்தின் மேல், அவனுடைய நெற்றி வரும் இடத்தில், யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவர்தான்.

"மற்றப் பெடியள் எல்லாம் ஒரே நீட்டு வாங்கிலை தோள் முட்ட நெருக்கிக்கொண்டு இருப்பாங்கள். என்ர பிள்ளைக்கு மட்டும் தனிக் கதிரை" என்றார். "யூனிபோம் போட்ட ஒரு மனிசன் நிண்டு கதவு திறந்து விடுவார். இவன் போய் இருக்குமட்டும் விளையாட்டையே நிப்பாட்டி வைச்சிருப்பாங்கள்."

நான் சில காலம் கனடாவில் இருந்துவிட்டு வந்தவன். அந்தக் கூடு எதற்கென்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்துக் கடைசியில் திடுக்கிட வைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. ஐஸ் ஹொக்கியில் அது தண்டனைக் கூடு. பிழை விட்டவனை மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்திப் பிடித்து அதற்குள் அனுப்புவார். கைகலப்பு என்றால் ஐந்து நிமிடம் உள்ளே இருக்க வேண்டும்.

"நல்ல படம்" என்றேன். தடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

(உண்மையில் நடந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் தடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த வழியில் நான் சோடித்தது. ஊரைச் சுருவில் என்று எழுதியிருக்கிறேன், புளியங்கூடலாகவும் இருக்கலாம். பேரையெல்லாம் மாற்றிவிட்டேன்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாக மண்டையை உடைத்தேன்.

"வானத்தில் இருந்து பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு—"

வெட்டிவிட்டேன். எங்கள் ஆட்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புகையிலைக் கன்றில் நிற்பது. அங்கே கொட்டுவதை அங்கே போனவர்களே சினோ என்றுதான் சொல்கிறார்கள். தவிரவும், சினோவில் தொடங்கும் கதையைத் தீவிலே இருந்து எழுதினால், "ஆளுக்கு வெய்யில் கூடிப் போச்சு" என்பார்கள்.

"எங்கள் தீவுப் பகுதியில் இருந்து போய் ஐஸ் ஹொக்கியைச் சம்பளத்துக்கு ஆடிய முதலாவது மனிதன்—"

இதுவும் சரிவராது. 'முதலாவது' என்று எழுதினால் நாளைக்கே காரைநகரில் இருந்து ஒருவர் போன் எடுத்துத் தன்னுடைய மச்சானின் மகன் அதற்கு முந்தியே ஆடினவன் என்பார். ஆரம்ப காலத்துக்காரரில் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சண்டை வேண்டாம், கதைக்குள்ளேயே போதுமான சண்டை இருக்கிறது.

மூன்றாவது தொடக்கம் ஓரளவு நிற்கிறது. அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்:

3

சறோஜினிதேவிக்கு ஐஸ் என்றால், மீன்வாடியில் உமிச் சாக்குக்குள் வைத்திருக்கும் கட்டிதான். அதன்மேல் ஆள் நிற்கலாம், ஓடலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்று தம்பி இராசநாயகம் கனடாவில் இருந்து சொன்னபோது, அவன் குடித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார்.

கணவரை அவர் இழந்தது மகன் கைக்குழந்தையாய் இருந்தபோது. தோட்டத்தில் ஷெல் விழுந்தது. பிறகு தீவே காலியாகி, யாழ்ப்பாணத்தில் யாரோ வீட்டு விறாந்தையில் ஒதுங்கியிருந்த காலத்தில், தம்பி வெளிநாடு போக ஒழுங்கு பண்ணினான். ஏஜென்சிக்காரன் ஒரு தகப்பனும் பிள்ளையும் போகிறமாதிரித்தான் வழி வைத்திருந்தான். தாய்க்கு அதில் இடமில்லை. ஆறு வயதுச் சதீசனுக்கு இரண்டு காற்சட்டை மடித்துக் கொடுத்து, "மாமாவை அப்பா எண்டு சொல்லு, என்ன?" என்று சொல்லிக்கொடுத்துக் கிளாலிக் கரையில் வள்ளத்தில் ஏற்றிவிட்டார். பிறகு கூப்பிடுவதாகத்தான் பேச்சு. விசா மறுத்தார்கள், திரும்பவும் மறுத்தார்கள். பிறகு அவரே கேட்பதை விட்டுவிட்டு, சனம் தீவுக்குத் திரும்பியபோது தானும் சுருவிலுக்கு வந்து வளவைத் துப்புரவாக்கினார்.

(இந்தப் பந்தியை மிக வேகமாகக் கடந்துவிட்டேன் என்று எனக்கே தெரிகிறது. நின்று எழுதினால் இதுவே கதையாகிவிடும். வள்ளம் போன பிறகு அவர் கரையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை.)

இராசநாயகத்துக்கு வேலை கிடைத்தது குளிர் நகரம் ஒன்றின் ஐஸ் மைதானத்தில். ஆட்டம் முடிந்ததும் கீறல் விழுந்த ஐஸின்மேல் தண்ணீர் விட்டு மினுக்கிக்கொண்டு போகும் வண்டியை ஓட்டுகிற வேலை. வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டால் சதீசன் நேரே மைதானத்துக்கு வருவான். யாரோ கழித்துவிட்ட, அடியில் கத்தி பூட்டிய சப்பாத்தை மாட்டிக்கொண்டு, மாமாவின் வண்டிக்குப் பின்னால் வழுக்கி வழுக்கித் திரிவான். அப்படிப் பழகியதுதான்.

ஆள் வளர்ந்தான். பனங்குற்றிபோல் வளர்ந்தான். காலில் வேகம் இருந்தது, ஆனால் பந்துக்குப் பதிலான றப்பர் வட்டைக் கம்பால் பூப்போலத் தட்டிக்கொண்டு போகிற கை இல்லை. பதினேழாம் வயதில் பயிற்சியாளர் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொன்னார்: உன்னால் கோல் போட முடியாது, ஆனால் கோல் போடுகிறவர்களுக்கு யாரும் அடிக்காமல் உன்னால் பார்த்துக்கொள்ள முடியும். அங்கே ஒவ்வொரு குழுவும் அப்படி ஒருவனை வைத்திருந்தது. எதிர்ப்பக்கத்து அடிகாரன் வந்தால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனோடு வெறுங்கையால் மோத வேண்டும். சனம் அதற்கென்றே ரிக்கெற் எடுத்து வந்தது. மோதி முடிந்ததும் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கண்ணாடிக் கூட்டுக்குள் போடுவார்கள்.

இருபது வயதில் ஒப்பந்தம். பெரிய நகரத்துப் பெரிய குழு இல்லை. அதற்குக் கீழே, அதற்கும் கீழே உள்ளது. இரவு முழுக்க பஸ், அடுத்த நாள் ஆட்டம், திரும்பவும் பஸ். விரல் முட்டிகள் ஆறுவதற்கிடையில் அடுத்த சண்டை வந்துவிடும். ஒன்பது வருடம் அவன் செய்தது இந்த உத்தியோகம்தான். போட்ட கோல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

4

அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலியாணவீட்டுக்காக ஊர் வந்த ஒருவர். இராசநாயகம் எடுத்த படம். ஓடுகிறவனைப் பிடித்தால் படத்தில் வெறும் புகைதான் விழுந்தது, அவருடைய கமராவுக்கு அவ்வளவுதான் கெட்டித்தனம். மருமகன் அசையாமல் இருந்த ஒரே இடம் அந்தக் கூடு. எனவே அவர் எடுத்தனுப்பிய எல்லாப் படத்திலும் சதீசன் அதற்குள்ளேயே இருந்தான்.

சறோஜினிதேவி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோயில் திருவிழாவிலும் பள்ளிக்கூடப் பரிசளிப்பிலும் தனிக் கதிரை யாருக்குப் போடுவார்கள்? பிரதம விருந்தினருக்கு. வெள்ளைத் துணி விரித்து, மற்றவர்களுடன் முட்டாமல் தள்ளிப் போடுவார்கள். அவர் வரும்போது சனம் எழும்பும். அவர் இருந்த பிறகுதான் மற்றக் காரியம் நடக்கும். இந்தப் படத்திலும் அதெல்லாம் இருந்தது, கண்ணாடிச் சுவர் வேறு. இன்னொரு படத்தில் யூனிபோம் போட்டவர் கதவில் கைவைத்து நிற்க, மற்றப் பெடியளும் ஆட்டத்தை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகத்தில் காயம் இருந்ததுதான். நல்லாய் விளையாடினவனுக்கு அடிபடாமல் விடுமா?

தம்பியிடம் போனில் கேட்டார். "அது இவனுக்கெண்டே வைச்ச இடமோடா?"

இராசநாயகம், "ஓம் அக்கா, அவனுக்கெண்டே வைச்ச இடம்தான்" என்றார்.

(அவர் சொன்னது பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள். நான் அவரைப் பொய் சொல்ல வைக்கவில்லை. பின்னால் யாராவது அவரைப் பிடித்துக் கேட்டால் தப்பிக்கக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.)

அடுத்த வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனார். அம்மனுக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தார்: பிள்ளைக்கு அந்தக் கதிரை கிடைக்க வேணும். கிடைக்கிற ஒவ்வொரு முறையும் வீட்டு முற்றத்தில் பொங்கிப் படைத்து அயலுக்குக் கொடுப்பன்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறை மகன் போன் எடுக்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"கதிரையிலை இருந்தனியோ ராசா?"

"ஓம் அம்மா. இருந்தனான்."

"எத்தினை தரம்?"

"ரெண்டு தரம்."

அவன் குரல் தணிந்துதான் வரும். பெருமை பேசாத பிள்ளை என்று அவருக்கு உள்ளம் குளிரும். மறுநாள் முற்றத்தில் புகை எழும்பும்.

அவனுடைய தமிழ் ஆறு வயதோடு நின்றுபோன தமிழ். அம்மாவின் கேள்வியை அவன் விளங்கிக்கொண்டது வேறுமாதிரி. படம் போயிருக்கிறது, மாமா எல்லாம் சொல்லியிருப்பார், அம்மாவுக்குத் தெரியும். திட்டாமல், அழாமல், 'இந்தக் கிழமை எத்தனை தரம் அடிபட்டாய்' என்று கேட்கிறா. அப்படித்தான் நினைத்தான். பஸ்ஸின் கடைசி இருக்கையில், வீங்கிய கையை ஐஸ் பைக்குள் வைத்துக்கொண்டு, உலகத்தில் ஒரு ஆளுக்காவது என் தொழில் என்னவென்று தெரியும் என்று ஆறுதல்பட்டான்.

ஒன்பது வருடமாக இருவரும் ஒரே கதிரையைப் பற்றிக் கதைத்தார்கள். எழுதும்போது இந்த இடத்தில் எழும்பிப் போய்க் குசினியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

5

இவ்வளவையும் வாசித்த பிரியதர்சினி கட்டுரைத் தாளைத் திருத்தும் ரீச்சர்போல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, இதை ஆர் நம்புவினம்? யூரியூப் இல்லையோ? ஊரிலை ஒருத்தருக்கும் வாயில்லையோ?"

"நீர் முதல்லை முழுக்க வாசியும்."

"முழுக்க வாசிச்சாலும் அந்த மனிசிக்குத் தெரிய வராதோ எண்டுதானே கேக்கிறன்."

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வினோஜாவை உண்டாக்கினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை, இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். சறோஜினிதேவியின் போனுக்கு டேற்றா போடுவதும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் அவள்தான். அவளிடம் கேட்டேன் (கதைக்குள் போய்த்தான் கேட்டேன், வேறெங்கே?), உனக்குத் தெரியாதா என்று.

"எனக்கு ஓ எல் சோதினைக்குப் படிக்கேக்கையே தெரியும் அண்ணை. தேடிப் பாத்தனான். எங்கட வயசுப் பெடியள் எல்லாருக்கும் தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"பொங்கலை வாங்கிச் சாப்பிட்டிட்டு என்னண்டு அண்ணை சொல்லுறது? முதல் பொங்கலோடை சொல்லியிருக்க வேணும். அதுக்குப் பிறகு ஏலாமல் போச்சு."

இதைப் பிரியதர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் அந்தப் பெட்டை" என்றாள். ஆகவே வினோஜா கதையில் நிற்கிறாள்.

6

சதீசன் வந்து இறங்கியபோது சறோஜினிதேவி வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய மனிதன் ஒருவன் ஓட்டோவை விட்டு இறங்கி, படலையைப் பிடித்துக்கொண்டு, வெயிலைத் தாங்க ஏலாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அம்மா, லைற் கூட" என்றான். முப்பது வருடம் கழித்து மகன் நேரில் சொன்ன முதல் வார்த்தை அது.

பின் அறையின் யன்னல்களுக்குப் பழைய சேலையைக் கட்டி இருட்டாக்கிக் கொடுத்தார். அவன் அதற்குள் கிடந்தான். தேங்காய் துருவும் சத்தம்கூட அவனுக்குத் தலையில் அடித்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கோப்பையைத் தேடினான். தொழில் விட்டு, கலியாணமும் சரிவராமல் போய், பிறகு ஒரு வேலையிலும் நிற்க முடியவில்லை. தலையில் அடிபட்டு அடிபட்டு மூளை நோயாகிவிட்டது, போகப்போக எல்லாம் மறக்கும் என்று டொக்டர்மார் சொன்னதை இராசநாயகம் போனில் சொன்னார்.

"விளையாட்டிலை விழுந்ததோடா?"

"ஓம் அக்கா. விழுந்து விழுந்துதான்."

சறோஜினிதேவி நம்பவில்லை. அவருக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. இது கண்ணூறு நாவூறு. எத்தனை ஆயிரம் கண்கள் எழும்பி நின்று அந்தக் கதிரையைப் பார்த்தன? படத்திலேயே தெரிகிறதே, வாயைப் பிளந்துகொண்டு. செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மகனின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். அந்தப் புகைக்கு அவன் இரண்டு நாள் எழும்பவில்லை.

தை பிறந்து வந்த வெள்ளிக்கிழமை அவர் முற்றத்தில் பொங்கல் வைத்தார். பானை பொங்கி வழிந்ததும் கிழக்கே பார்த்துக் கைகூப்பி, அம்மனுக்கு நல்லாய்க் கேட்கட்டும் என்று வாய்விட்டே சொன்னார்: "தாயே, என்ர பிள்ளைக்குத் திரும்பவும் அந்தக் கதிரையைக் குடு. நான் கேட்ட ஒவ்வொரு தரமும் குடுத்தனி. இன்னும் ஒருக்கால் குடு."

பின் அறை யன்னலில் சேலை விலகியது. மகனும், வெளியே வாழையிலை வெட்டிக்கொண்டிருந்த வினோஜாவும் ஏதோ கதைப்பதைக் கண்டார்.

(அவருக்குக் கேட்காதது இது:

"அம்மா என்ன கேக்கிறா?"

"நீங்கள் இருந்த கதிரை அண்ணை. அந்தப் படத்திலை இருக்கிறது. அது திரும்பக் கிடைக்க வேணுமாம்."

"அது... கேட்டவவோ? முந்தியும்?"

"ஒவ்வொரு தரமும் அண்ணை. நேர்த்தி. நீங்கள் இருந்தனான் எண்டு சொன்னால் அடுத்த நாள் பொங்கல்."

"அம்மாக்குத் தெரியாதோ? அது என்னெண்டு?"

வினோஜா இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.)

சறோஜினிதேவி பொங்கலோடு அறைக்குள் போனபோது மகன் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்து அழுதுகொண்டிருந்தான். அவ்வளவு பெரிய உடம்பு அழும்போது கட்டிலே ஆடியது. கதிரையை நினைத்து ஏங்குகிறான் என்று அவர் விளங்கிக்கொண்டார். "அழாதை ராசா" என்று முதுகைத் தடவினார். "அம்மா கேட்டிருக்கிறன். கிடைக்கும்."

7

இப்போது நிலைமை இதுதான், வாசகரே. தாய்க்குச் சொன்னால் அவர் உடைந்துபோவார். தன் பிள்ளையின் தலையில் விழுந்த ஒவ்வொரு அடியையும் தானே கேட்டு வாங்கி, நன்றியாகப் பொங்கியும் படைத்தேன் என்று ஒரு தாய்க்குத் தெரிய வேண்டுமா? சொல்லாவிட்டால் மகன் அந்த மறதிக்குள் தனியே போவான். அவனுக்காக, உண்மை தெரிந்து அழ ஒரு ஆள் வேண்டும். இருக்கிறார் என்று நம்பியிருந்த ஒரு ஆளும் இல்லையென்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, சொல்ல வேண்டியவன் மறந்துகொண்டு வருகிறான்.

ஒரு சந்தர்ப்பம் வைத்தேன். ஊர்க் கழகத்தின் கரப்பந்து இறுதி ஆட்டம். சறோஜினிதேவி கழகத்து அனோஜனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்ர பிள்ளையை விருந்தினராக் கூப்பிடுவியளோ? ஒருக்கால், என்ர கண்ணாலை பாக்க வேணும்."

"கூப்பிடுறம் மாமி."

"தனிக் கதிரை போட வேணும். மற்றாக்களோடை சேத்துப் போடக்கூடாது. சுத்திவரக் கயிறு கட்டுங்கோ. நீர் நிண்டு கயிறைத் தூக்கிவிட வேணும், அங்கை கதவு திறந்து விடுறமாதிரி."

அனோஜனுக்கும் தெரியும். அவன் "ஓம் மாமி" என்றான்.

முடிவு அ. சதீசன் போகும் வழியில் ஒழுங்கையில் நின்று, "அம்மா, அது மரியாதைக் கதிரை இல்லை" என்கிறான். சறோஜினிதேவி அங்கேயே நிலத்தில் குந்தி— இல்லை. நாலு தரம் எழுதினேன். நாலு தரமும் அவர் குந்திய பிறகு எப்படி எழும்புவார் என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு ஆ. அவன் வர மறுக்கிறான். வெள்ளைத் துணி விரித்த கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. பெடியளுக்கு அவமானமாகிவிடக் கூடாதென்று அவரே போய் அதில் இருக்கிறார். எழுதி முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அழகாக இருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன், அந்த மனிசியை என் அழகுக்காக அங்கே இருத்த எனக்கு உரிமையில்லை.

முடிவு இ. வந்தான். காதில் பஞ்சு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வினோஜா முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள், கைதட்ட வேண்டாம், அவருக்குச் சத்தம் ஏலாது என்று. எனவே அவன் வந்தபோது சனம் முழுவதும் எழும்பி ஒரு சத்தமும் போடாமல் நின்றது. அனோஜன் கயிற்றைத் தூக்கினான். சதீசன் குனிந்து உள்ளே போய் இருந்தான். முழங்காலில் முழங்கையை ஊன்றி, தலையைக் குனிந்து, அச்சொட்டாகப் படத்தில் இருந்தமாதிரியே இருந்தான்.

சறோஜினிதேவி முன்வரிசையில் நின்று பார்த்தார். கைதட்டவில்லையே என்று முதலில் குறைப்பட்டார். பிறகு அதையும் மறந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கிளாலிக் கரையில் வள்ளத்தில் ஏறி இருந்த பிள்ளை இப்போதுதான் வந்து இறங்கி இருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது.

சிறிது நேரம் கழித்துச் சதீசன் தலையை நிமிர்த்தி இடப்பக்கம் மேலே பார்த்தான். அங்கே ஒரு பனைதான் நின்றது, மணிக்கூடு இல்லை. ஆனாலும் நேரம் முடிந்துவிட்டது என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். எழும்பினான். கயிற்றைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஆட்டம் நடக்கும் இடத்தை நோக்கி நேரே நடந்தான். தண்டனை முடிந்தவன் திரும்ப ஆட்டத்துக்குள் போக வேண்டுமல்லவா? வினோஜா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "அண்ணை, முடிஞ்சுது. விளையாட்டு முடிஞ்சுது, வாங்கோ வீட்டை போவம்" என்றாள்.

ஒழுங்கையில் தாயும் மகனும் நடந்தார்கள். "என்ர கண்ணாலை பாத்திட்டன், இனி ஒண்டும் வேண்டாம், எனக்கு இது காணும்" என்றார் தாய்.

அவன் நின்றான். கண்ணாடியைக் கழற்றினான். வெயில் பட்டுக் கண் கலங்கியது.

"அம்மா, உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சனான்."

"என்ன ராசா தெரியும்?"

"அந்தக் கதிரை—"

[                    ]

8

அடைப்புக்குள் வர வேண்டிய வசனம் என்னிடம் இருக்கிறது. ஐந்தாறு சொல்தான். ஆறு வயதுத் தமிழிலேயே சொல்லிவிடலாம். எழுதினேன், அழித்தேன், எழுதினேன். பிரியதர்சினி பின்னால் வந்து நின்று, "சொல்ல விடுங்கோவன், பாவம் அவன்" என்றாள். அடுத்த நிமிடமே, "வேண்டாம், வேண்டாம், அந்த மனிசி பாவம்" என்றாள். பிறகு என்னைத் திட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பிந்திய ஒரு நாளை எழுதிப் பார்த்தேன். அதில் சதீசன் சாமி அறை வாசலில் நின்று, "இது ஆர்?" என்று கேட்கிறான். சறோஜினிதேவி சந்தனம் குழைத்தபடி, "நீதான் ராசா" என்கிறார். "பார், உனக்கு மட்டும் தனிக் கதிரை. ஊரே எழும்பி நிக்குது." அவன் கிட்டப் போய் நெடுநேரம் பார்க்கிறான். "நல்ல கதிரை" என்கிறான்.

இதை முடிவு என்று நான் போடவில்லை. போட எனக்குப் பயமாயிருக்கிறது. ஆனால் டொக்டர்மார் சொன்னது சரியென்றால் நான் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த நாள் வரும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மிஞ்சுவது கனடாவில் இராசநாயகம், இங்கே வினோஜா, பொங்கல் சாப்பிட்ட பெடியள், பிறகு நான். இப்போது நீங்களும்.

எங்கள் வளவில் நட்ட தடி துளிர்த்துவிட்டது. பிரியதர்சினி ஒருமுறை போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்கிறாள். நான் இன்னும் போகவில்லை. நீங்கள் தீவுப் பக்கம் வருவீர்களாக இருந்தால், சுருவிலோ புளியங்கூடலோ, ஒழுங்கை மூலையில் முருங்கை நிற்கிற வீடு. எதற்காகப் போனாலும் சரி, தண்ணீர் விடாய்க்கு ஒதுங்கினாலும் சரி, அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்று தெரிந்தால் இன்னும் சந்தோசப்படுவார். பின் அறையில் சேலை கட்டிய யன்னலுக்குப் பின்னால் அவனும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

"உள்ளுக்கு வாங்கோ" என்பார். "பிள்ளையின்ர படம் இருக்கு. பாத்திட்டுச் சொல்லுங்கோ."